நாலு ஸ்பேடு என்று எதிராளி தொடங்கினால்

எங்கள் குலசேகரம் கிளப்பில் இந்த வருடம் பிரிட்ஜ் ஆட வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் கேட்டார். என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றேன். "அவங்க எல்லாம் ஜெயிச்ச கதயத்தான் எழுதுவாங்க. தோக்கதுல அனுபவம் உமக்குத்தான் இருக்கு" என்றார். மறுத்துப் பேச என்னிடம் சாட்சி இல்லை. புதிதாக வந்திருப்பவர்களில் இரண்டு பேர் என் சொந்தப் பிள்ளைகள். வீட்டில் நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் இரண்டும் போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டும். அச்சில் வந்தால் ஒருவேளை படிக்கலாம் என்ற ஆசையில் ஒத்துக்கொண்டேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றேன். போட்டிகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. ஆகவே பெரிய நுட்பம் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். பிரிட்ஜ் என்றால் நான்கு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள், பதின்மூன்று சுற்றில் எத்தனை சுற்றை வெல்வோம், அதாவது எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் ஏலம் கேட்டு, அப்புறம் ஆடிக் காட்ட வேண்டும். ஏலத்தில் சொல்வதை இங்கே நாம் விளி என்கிறோம். ஹார்ட் என்ற ஜாதியை ஆட்டின் என்கிறோம், கிளப்ஸைக் கிளாவர் என்கிறோம். இவ்வளவும் உங்களுக்கே தெரியும்.

நான் எழுத வந்தது ஒரே ஒரு விஷயம் பற்றி. ஏலம் வழக்கமாக ஒன்றில் (ஆறுக்கு மேல் ஒன்று, அதாவது ஏழு பிடி) தொடங்கி மெல்ல மேலே ஏறும். ஏறுகிற வழியில் நாமும் கூட்டாளியும் கையில் இருப்பதைப் பேசிக்கொள்ளலாம். சிலர் எடுத்த எடுப்பிலேயே மூன்று, நான்கு என்று தொடங்குவார்கள். பஸ் நிலையத்தில் வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து மூன்று பேர் இடத்தைப் பிடிக்கிறவர்கள் உண்டல்லவா, அந்த வகை. உண்மையிலேயே மூன்று பேர் ஏறப் போகிறார்களா, அவர் ஒருவர்தானா என்று வெளியே நிற்கிற நமக்குத் தெரியாது. துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்காருவதா, நின்றுகொண்டே போவதா என்று உடனே முடிவு செய்ய வேண்டும். முப்பது வருடம் பஸ்ஸில் இந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்த நான், சீட்டு மேஜையில் ஒரு தடவைகூட ஒழுங்காகத் தீர்த்ததில்லை.

நான் ஆடிப் பழகியது டிப்போ ஓய்வறையில், இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம். அதில் காதைச் சொறிந்தால் கிளாவர், மூக்கைத் தொட்டால் ஆட்டின். எல்லாருக்கும் எல்லாருடைய சொறியும் தெரியும் என்பதால் அதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை. பிரிட்ஜுக்கு என்னைக் கொண்டுவந்தவர் டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரும் அவர் கணவரும் ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். கணவர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனதும் டீச்சருக்குக் கூட்டாளி இல்லை. கிளப்பில் சும்மா இருந்த ஆள் நான் ஒருவன்தான்.

முதல் நாள் ஆட்டத்தில் பாதியில் டீச்சர் கேட்டார்: "அண்ணாச்சி, காதுல எதாவது பிரச்சினையா?"

"இல்ல டீச்சர், கிளாவர் இருக்கு."

டீச்சர் தன் சீட்டுகளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். "இருக்கத சீட்டும் விளியும்தான் சொல்லணும். காது சொல்லப்பிடாது. முகம் சொல்லப்பிடாது. இருமல், பெருமூச்சு ஒண்ணும் ஆகாது. கூட்டாளி தெரியாமக் காட்டிட்டாக்கூட, நாம பாக்காத மாதிரிதான் ஆடணும். செரியா?"

சரி என்றேன். அன்றிலிருந்து காது அரித்தாலும் சொறியாமல் ஆடினேன். அதுவே பெரிய பயிற்சி.

டீச்சருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை நாகர்கோவிலில் நடக்கும் மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு ஜோடிகளைச் சென்னைக்கு, மாநில அணித் தேர்வுக்கு அனுப்புவார்கள். கணவரோடு ஆடி இரண்டு முறை மூன்றாவதாக வந்திருந்தார். அவர் காதுபடவே சிலர் பேசியதுண்டு: ஆடுகிறது அவர் கணவர், இவர் எதிரே உட்கார்ந்து சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று. அதனால் கணவர் இல்லாத அந்த வருடம் எப்படியாவது சென்னைக்குப் போய்விட வேண்டும் என்று இருந்தார். போக வைப்பதற்குக் கிடைத்த கூட்டாளி நான். அவர் நிலைமையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் துண்டு எறிவதில் பேர் பெற்றவர் பூதப்பாண்டி வக்கீல். நல்ல மனிதர், நல்ல ஆட்டக்காரர், மாவட்டத்திலேயே முதல் கை என்று சொல்லலாம். ஒரு டாக்டர் அவருக்குக் கூட்டாளி. சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் எங்கள் கிளப்புக்கு வருவார்கள். வக்கீல் சீட்டைப் பிரித்துப் பார்ப்பதற்கும் நாலு என்று விளிப்பதற்கும் இடையில் ஒரு கொட்டாவி விடக்கூட நேரம் இருக்காது.

ஒரு சனிக்கிழமை அவர் நாலு ஆட்டின் என்றார். என் கையில் ஆட்டின் நாலு இருந்தது, அதில் ஏஸும் கிங்கும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் ஆட்டினை வைத்துக்கொண்டு இவர் யார் விளிப்பதற்கு என்று டபுள் போட்டேன்; நீர் சொன்னபடி எடுக்க மாட்டீர், விழுந்தால் அபராதம் இரட்டை என்கிற சவாலாக. அந்த இடத்தில் டபுள் என்றால் எங்களுக்குள் பேசி வைத்த அர்த்தம் வேறு. என்னிடம் நல்ல சீட்டு இருக்கிறது, ஸ்பேடும் இருக்கிறது, உனக்கு எது தோதோ அதைச் சொல் என்று கூட்டாளியிடம் கேட்கிற கேள்வி அது. டீச்சர் கேள்விக்குப் பதில் சொன்னார்: நாலு ஸ்பேடு. டாக்டர் அதை டபுள் போட்டார். டீச்சர் தலைகுப்புற விழுந்தார்.

ஆட்டம் முடிந்ததும் டீச்சர் மெதுவாகக் கேட்டார். "உங்ககிட்ட ஸ்பேடு எத்தன இருந்து அண்ணாச்சி?"

"ஒண்ணு."

"எந்த ஒண்ணு?"

"ரெண்டு."

ஸ்பேடு ரெண்டு என்பது அந்த ஜாதியிலேயே சின்னச் சீட்டு. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வோய், நீரு பேசாம இருந்திருந்தா நான் தானாட்டு விழுந்திருப்பேன். எதுக்கு டீச்சரப் பிடிச்சுத் தள்ளினீரு?" என்றார்.

மக்களே, அன்று எனக்குப் புரிந்தது இது. பெரிய விளியைக் கேட்டதும் முதலில் வருவது கோபம்தான். நம்மை மதிக்காமல் பேசிவிட்டது போல இருக்கும். அந்தக் கோபத்தில் போடுகிற டபுள் எதிராளியின் கன்னத்தில் விழாது. எதிரே இருக்கிற கூட்டாளியின் கன்னத்தில்தான் விழும்.

புரிந்துகொண்டேன் என்று எழுதிவிட்டேன். அடுத்த மாதமே புரியாததுபோல ஆடினேன். வக்கீல் அந்த முறை மூன்று நோட்ரம்ப் என்று தொடங்கினார். துருப்பே வேண்டாம், ஒன்பது பிடி எடுக்கிறேன் என்று அர்த்தம். எடுத்த எடுப்பில் இப்படித் தொடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ஜாதியில் மேலிருந்து கீழ்வரை ஏழு சீட்டு இருக்கும், மற்ற மூன்றிலும் ஓட்டைதான். இதை அவர் கூட்டாளியிடம் நம் முறையில் கேட்கலாம். கேட்டால் சொல்லியே ஆக வேண்டும் என்பது விதி. நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று டாக்டருக்குத் தெரிந்துவிடுமே என்று வெட்கம். ஓடுகிற பஸ்ஸில் எழுபது பேரிடம் 'எங்க போணும், எங்க போணும்' என்று தொண்டை வறளக் கேட்டவனுக்கு, ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்க நாக்கு எழவில்லை.

முதல் சீட்டு நான் போட வேண்டும்; வழக்கம்போல நீளமாக இருந்த கிளாவரில் ஒரு சின்னச் சீட்டைப் போட்டேன். விளித்தவரின் கூட்டாளி அப்போது கையை விரித்து வைக்க வேண்டும் என்பதால் டாக்டரின் சீட்டுகள் மேஜையில் விரிந்தன. அதில் கிளாவர் ஏஸும் குயினும். வக்கீல் அதில் இரண்டு பிடி எடுத்தார், பிறகு டைமண்டில் ஏழு, கணக்கு முடிந்தது. என் கையில் ஆட்டின் ஏஸ் கடைசி வரை தூங்கியது. டீச்சர் கையில் ஆட்டின் கிங், குயின், ஜாக், பத்து வரிசையாக நின்றன.

"நீங்க ஏஸ வைப்பிய, வைப்பியன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றார் டீச்சர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அந்த மாதிரி விளிக்கு எதிரே உங்களிடம் ஓர் ஏஸ் இருந்தால் முதலில் அதை வையுங்கள். பிடி நம் கையில் இருக்கும்போதே எதிராளியின் பாதிச் சீட்டு மேஜையில் விரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யலாம். அதற்கு முன்னால், தெரியாததைக் கேளுங்கள். கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. குறைச்சல் எல்லாம் கேட்காமல் இருந்துவிட்டு ஒன்பது பிடியையும் உட்கார்ந்து எண்ணுவதில்தான்.

இந்த லட்சணத்தில் நாகர்கோவில் போட்டிக்குப் போனோம். என்ன அதிசயமோ, அன்று என் கைக்கு வந்த சீட்டுகளில் பெரும்பாலும் யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. யோசிக்காவிட்டால் நான் நன்றாகவே ஆடுவேன். கடைசிச் சுற்றுக்கு வரும்போது நாங்கள் இரண்டாவது இடம். எங்களுக்கு ஒட்டினாற்போல் பின்னால் மூன்றாவதாக வக்கீலும் டாக்டரும். கடைசிச் சுற்று அவர்களோடுதான். டீச்சர் தண்ணீர் குடித்தார், கைக்குட்டையை மடித்து வைத்தார், மறுபடி பிரித்து மடித்தார். நான் காதைத் தொடாமல் இருந்தேன்.

கடைசி ஆட்டம். வக்கீல் சீட்டைப் பார்த்தார். ஸ்டாப் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு நாலு ஸ்பேடு என்றார்.

ஸ்டாப் அட்டை எதற்கென்று உங்களில் சிலர் கேட்டீர்கள். இப்படி ஒரேயடியாகத் தாவி விளிக்கும்போது, அடுத்து விளிக்க வேண்டியவர் யோசிக்க இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். எல்லாரும் எப்போதும் ஒரே அளவு காத்திருந்தால், யாருக்கு யோசனை வந்தது, யாருக்கு வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. அட்டையை எடுத்ததும் பதில் சொல்லிவிட வேண்டும்.

வக்கீல் அட்டையை எடுத்தார். அடுத்த முறை டீச்சருடையது. டீச்சர் சொல்லவில்லை. சீட்டைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். கை, விளி அட்டைகள் இருக்கும் பெட்டிக்குப் போனது. டபுளுக்கான சிவப்பு அட்டையைத் தொட்டது, தொட்டபடியே நின்றது. பிறகு விலகி, பச்சை அட்டையை எடுத்து வைத்தது. பாஸ். டாக்டர் உடனே பாஸ் என்றார். இனி நான்தான் பாக்கி.

என் கையில் இரண்டு ஏஸ், ஒரு குயின், ஸ்பேடு இரண்டே இரண்டு. டீச்சரிடம் நல்ல சீட்டு இருக்கிறது என்று எனக்குப் பட்டப்பகல் மாதிரித் தெரிந்துவிட்டது. யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று பின் கழுத்தைப் பார்த்தே சொல்கிற தொழிலில் இருந்தவன் நான், அந்த விரல் சொன்னது தெரியாமல் போகுமா? நான் டபுள் போட்டால், டீச்சர் அதை அப்படியே விட்டாலும் சரி, வேறு ஜாதி சொன்னாலும் சரி, வக்கீல் தொலைந்தார். டீச்சர் சென்னைக்குப் போகிறார். சிவப்பு அட்டை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

ஆனால் எனக்குத் தெரிந்தது விளியால் தெரிந்ததல்ல. விரலால் தெரிந்தது. டீச்சர் சரியான நேரத்தில் பாஸ் சொல்லியிருந்தால் இந்தச் சீட்டுக்கு நான் டபுள் போட்டிருப்பேனா என்று என்னையே கேட்டேன். வக்கீல் நிஜமாகவே பெரிய கையோடு இருக்கலாம், டீச்சரிடம் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், போட்டிருக்க மாட்டேன். நாகர்கோவிலில் மின்விசிறி ஓடுகிற அறையில் எனக்கு முதுகு நனைந்தது. பாஸ் என்றேன்.

வக்கீல் மூன்று பிடி குறைவாக விழுந்தார். டபுள் இல்லாததால் அது அவருக்கு வெறும் கொசுக்கடி. போட்டியில் எல்லா மேஜைக்கும் அதே சீட்டுகள்தான் போகும்; மற்ற மேஜைகளில் எங்கள் பக்கத்துச் சீட்டை வைத்திருந்தவர்கள் ஆட்டினில் முழு ஆட்டமே எடுத்துவிட்டார்கள். முடிவுகள் வந்தன. வக்கீல் ஜோடி இரண்டாவது, நாங்கள் மூன்றாவது.

டீச்சர் என் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். நாலு பேர் சுற்றி நின்றார்கள். "ரெண்டு ஏஸ் வச்சிட்டு எதுக்கு அண்ணாச்சி பாஸ் சொன்னிய?" இரண்டு தடவை மூன்றாவதாக வந்தவர், மூன்றாம் தடவையும் மூன்றாவதாக வந்து நிற்கிறார். நீங்கள் யோசித்ததால்தான் என்று அந்த நேரத்தில் அவரிடம் எப்படிச் சொல்ல முடியும்?

"தைரியம் வரல டீச்சர்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் உடனே நம்பிவிட்டார்கள். என் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நம்பக்கூடியதுதான் அது. "சவம், அன்னைக்குப் போடாண்டாத எடத்துல டபுள் போட்டாரு, இன்னைக்குப் போட வேண்டிய எடத்துல போடல்ல" என்றார் ஒருவர். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

வடசேரி பஸ் நிலையத்தில் குலசேகரம் பஸ் ஏறினோம். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தக்கலை தாண்டியது. நான் பழைய வழக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கேட்டார். "அண்ணாச்சி, நான் ரொம்ப யோசிச்சனோ?"

"கொஞ்சம்."

"எம்புட்டு?"

"வடசேரியில ஏறி, டிக்கெட் எடுத்து, பார்வதிபுரத்துல எறங்குக அளவுக்கு."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அப்போ நீங்க பயந்து பாஸ் சொல்லல்ல."

"பயம் இருந்து டீச்சர். பொய் சொல்லப்பிடாதுல்லா. ஆனா அதுக்காவ இல்ல."

"எல்லாரும் உங்களத்தான் ஏசினாங்க. சொல்லியிருக்கலாமே."

"என்னைய ஏசுகது அவங்களுக்குப் பழக்கம். ஒங்களுக்குத்தான் புதுசா இருக்கும்."

அடுத்த சனிக்கிழமை கிளப்பில் எல்லா மேஜைகளும் நிறைந்திருந்தபோது டீச்சர் எழுந்து நின்றார். வக்கீலும் டாக்டரும்கூட வந்திருந்தார்கள். "நாகர்கோவில்ல அண்ணாச்சி பயந்து பாஸ் சொன்னாருன்னு எல்லாரும் பேசுகிய. அது அப்பிடி இல்ல. நான் டபுள் அட்டையில கைய வச்சிட்டு எடுத்தேன். அதுக்குப் பெறவு அவருக்கு வேற வழி இல்ல. தோத்தது என்னால" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, சீட்டைக் கலைத்துப் போட ஆரம்பித்தார். ஒரு பெண் எழுந்து நின்று தன் தவற்றை இப்படிச் சொன்னதை அந்தக் கிளப் அதற்கு முன் கேட்டதில்லை. ஆண் சொன்னதையும் கேட்டதில்லை.

எனக்கு அன்று முதல் நேர்மையானவன் என்று ஒரு பெயர் வந்தது. ஆட்டம் என்னவோ அப்படியேதான் இருந்தது.

சில மாதங்களில் டாக்டர் மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையில் ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் வக்கீலின் கார் வாசலில் வந்து நின்றது. என் பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது எனக்குத் தெரியும். மாவட்டத்தின் முதல் கை, என் வீட்டு நாற்காலியில். உங்கள் அம்மா நல்ல தம்ளரை எடுத்தாள்.

"வோய், நான் சுத்தி வளைக்கல்ல. எனக்கு ஒரு கூட்டாளி வேணும். நல்லா ஆடினாப் போராது. தப்ப எழும்பி நின்னு சொல்லுக ஆளு வேணும்" என்றார் வக்கீல்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டைக் காலரைக்கூடச் சரி செய்துகொண்டேன். கொஞ்சம் தயங்குவது மரியாதை என்று நினைத்து, "நான் அந்த அளவுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"டீச்சர் என்கூட ஆடுவாங்களா? நீரு கேட்டுச் சொல்லும். நான் நேராக் கேட்டா உம்ம விட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிருவாங்க."

கதவுக்குப் பின்னால் சிரித்தது மகளா மகனா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

காபியைக் குடித்து முடித்துவிட்டு, கேட்கிறேன் என்றேன். வக்கீல் போன பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குள் கணக்குப் போட்டேன். டீச்சர் சென்னைக்குப் போவதற்குக் குறுக்கே இதுவரை இருந்தவை இரண்டு. ஒன்று எதிராளியாக வக்கீல், மற்றொன்று கூட்டாளியாக நான். ஒரே கேள்வியில் இரண்டும் தீர்கின்றன. என் சீட்டு வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே உருப்படியான முடிவு, மேஜையில் எடுத்ததல்ல.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "வக்கீல் தானாட்டு வந்து கேட்டாரா? என்னையவா?" என்று இரண்டு முறை கேட்டார். கணவரைக் கேட்கவில்லை, வேறு யாரையும் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்டார் என்றேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது. கொஞ்சம் கழித்து, "ஒங்களுக்கு வருத்தம் இல்லியா அண்ணாச்சி?" என்றார்.

"வருத்தம் நல்லாவே இருக்கு. ஆனா துண்டு எறியுக ஆளு நம்ம பக்கம் இருந்தா நமக்கும் எடம் கெடைக்கும்லா."

அடுத்த வருடம் இரண்டு பேரும் மாவட்டத்தில் முதலாவதாக வந்தார்கள். நாகர்கோவில் ரயில் நிலையத்தில் வழியனுப்பப் போயிருந்தேன். சென்னையில் தேர்வு முடிந்த அன்று மாலை டீச்சர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, இந்த மனுசன் எதிராளியா இருந்தப்ப சனிக்கிழமை மட்டும் பயந்தாப் போதும். இப்போ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பயமாட்டு இருக்கு. எங்கிட்ட என்ன இருக்குன்னு கேக்காமலே நாலுங்காரு, அஞ்சுங்காரு."

"அது கெடக்கட்டும். அணியில எடுத்தாங்களா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எடுத்தாங்க அண்ணாச்சி."

"அப்போ பயந்துக்கிட்டே ஆடுங்க டீச்சர்" என்றேன்.